அம்மாசியின் கை

மலாயாவில் பாலிங் ஊருக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நாங்கள் வேலை செய்தோம். அங்கே அம்மாசியைப் போலச் சாதுவான ஆள் கிடையாது. பயப்பட வேண்டிய ஆளும் அவனைப் போல வேறு யாருமில்லை. நாலு பேர் தூக்கும் ரப்பர் கட்டையை ஒற்றைத் தோளில் போட்டுக்கொண்டு நடப்பான். யாராவது திட்டினால் தலையைக் குனிந்து சிரிப்பான்.

ஒரு தீபாவளிக்குச் சடுகுடு ஆட்டம். எதிரணியிலிருந்து தர்மலிங்கம் பாடிக்கொண்டே வந்தான். அம்மாசி உற்சாகத்தில் அவனைக் கட்டிப் பிடித்தான். தோள் எலும்பு முறிந்த சத்தம் வேடிக்கை பார்த்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

"யானை மிதிச்சா கோவிச்சுக்க முடியுமா?" என்று தர்மலிங்கம் கட்டு அவிழ்த்த அன்றே சிரித்துவிட்டான். அம்மாசியால்தான் சிரிக்க முடியவில்லை. அதன் பிறகு கையைப் பின்னால் கட்டிக்கொண்டே திரிந்தான். யாராவது குழந்தையை நீட்டினால் இரண்டடி பின்னால் போய்விடுவான்.

ரப்பர் மரத்தில் பால் வெட்டும் செல்லாயிக்கு அவனைப் பிடித்திருந்தது. தண்ணீர்க் குழாயடியில், எல்லாரும் கேட்கும்படியே கேட்டாள்.

"ஏன் அம்மாசி, என்னைக் கட்டிக்கிறியா?"

"வேணாம் செல்லாயி. என் கை பொல்லாத கை."

"கையவா கட்டிக்கப் போறேன்? உன்னைத்தானே!"

அவன் வாளியை அப்படியே விட்டுவிட்டு ஓடிப்போனான்.

அது வெள்ளைக்காரர்கள் அவசரகாலச் சட்டம் போட்டிருந்த காலம். ஐம்பத்தொன்றில் நாங்கள் குடியிருந்த லயங்களைச் சுற்றி முள்வேலி போட்டார்கள். காட்டில் ஒளிந்திருந்த கம்யூனிஸ்ட் போராளிகளுக்குப் போய்விடும் என்று, வேலைக்குப் போகிறவர்கள் ஒரு பிடி சோறுகூட வெளியே கொண்டுபோகக் கூடாது. விடிந்ததும் கேட்டில் சோதனை. சோதிப்பவன் ஜலீல், அலோர் ஸ்டார் நகரத்து மளிகைக் கடைக்காரர் மகன், புதிதாகச் சேர்ந்த காவலாள். மேலதிகாரி திட்டுவாரே என்ற பயத்தில் எல்லாரையும் அதட்டிக்கொண்டிருப்பான்.

ஒரு காலை செல்லாயியின் பால்வாளிக்குள் அவித்த மரவள்ளிக்கிழங்கு இருந்தது.

"யாருக்கு இது?"

"அந்தா நிக்கிறாரே, அவருக்கு. பசி தாங்கமாட்டாரு" என்று வரிசையில் பின்னால் நின்ற அம்மாசியைக் காட்டினாள்.

ஜலீல் கிழங்கை மண்ணில் கொட்டி, அவள் தோளைப் பிடித்துத் தள்ளினான். செல்லாயி கீழே விழுந்தாள். அடுத்த கணம் ஜலீலின் மணிக்கட்டு அம்மாசியின் கைக்குள் இருந்தது. ஜலீலின் முகம் வெளுத்தது. துப்பாக்கி நழுவி விழுந்தது. யாரும் கிட்டே போகவில்லை.

செல்லாயி எழுந்து அம்மாசியின் முன்னால் வந்து நின்றாள். சத்தம் போடவில்லை.

"அம்மாசி, எனக்கு ஒண்ணும் ஆகல. இங்க பாரு. கட்டை விரலை எடு. ம்... அடுத்தது. அதுக்கு அடுத்தது."

ஒவ்வொரு விரலாகத் திறந்தது. கடைசி விரலும் விலகியதும் அம்மாசி மண்டியிட்டு உட்கார்ந்து அழுதான். "வலிக்குதா தம்பி? ரொம்ப வலிக்குதா?"

அதற்குள் சார்ஜன்ட் ஜீப்பில் வந்துவிட்டார். காவலாளைத் தொட்டால் விசாரணையே இல்லாமல் உள்ளே வைத்துவிடும் காலம்.

"என்ன நடந்தது?"

ஜலீல் அழுதுகொண்டிருந்த அம்மாசியைப் பார்த்தான். செல்லாயியின் சேலையில் ஒட்டியிருந்த மண்ணையும் பார்த்தான்.

"வழுக்கி விழப் பாத்தேன் சார். இவர்தான் புடிச்சு நிறுத்தினாரு."

சார்ஜன்ட் அவன் மணிக்கட்டைத் திருப்பினார். ஐந்து விரலும் நீலமாகப் பதிந்திருந்தன.

"இப்படியா புடிப்பாங்க?"

"நான் கொஞ்சம் கனம் சார்."

ஜலீல் ஓலைக் கீற்று மாதிரி இருப்பான். சார்ஜன்ட் அவனையும் அம்மாசியையும் மாறி மாறிப் பார்த்தார். மீசை லேசாகத் துடித்தது. நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு ஜீப்பில் ஏறினார்.

அன்று வேலைக்காட்டில் அம்மாசியே செல்லாயியைத் தேடிப் போனான்.

"நீ சொன்னா கை கேக்குது செல்லாயி."

"அப்ப நாள் பாக்கச் சொல்லவா?"

தை மாதம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில் கல்யாணம். வீங்கின கை ஆறிய ஜலீல், அலோர் ஸ்டாரிலிருந்து ஒரு டின் பிஸ்கட் வாங்கி வந்திருந்தான். தாலியை எடுத்த அம்மாசி தன் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"மெதுவா முடி. நான் இன்னும் ரொம்ப நாள் மூச்சு விடணும்" என்றாள் செல்லாயி. மேளக்காரர் சிரித்ததில் தாளம் தப்பியது.

மறுவருஷம் பிரேமாவதி பிறந்தாள். மூன்று மாதம் அம்மாசி அவளைத் தொடவே இல்லை. பாயோரம் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பான். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையே கையை நீட்டி அவன் சுண்டு விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிப்போனது.

"சோறு ஆறுது, வாயேன்" என்று செல்லாயி கூப்பிட்டாள்.

"எப்படி வர்றது? விடமாட்டேங்கிறாளே" என்றான் அம்மாசி, அசையாமல்.