ஊசி போடாத ஞாயிறுகள்

பதினைந்து வயதிலிருந்தே எனக்குச் சர்க்கரை நோய். தினமும் இன்சுலின் போட்டால்தான் உடம்பு நிற்கும். அதை மறைத்துத்தான் எண்பதுகளின் கடைசியில் அம்மா என்னைப் பருத்திப்பட்டில் கட்டிக்கொடுத்தாள்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் டெலிபோன் ஆபரேட்டராக இருந்தேன். மருந்தை கேன்டீன் பிரிட்ஜில் வைத்து, காலையில் போனதும் பாத்ரூமில் போட்டுக்கொள்வேன். ஞாயிற்றுக்கிழமை தொழிற்சாலை லீவு, ஊசியும் கிடையாது. நாக்கு வறண்டு, செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்துவிட்டுச் சுருண்டு கிடப்பேன். சூடு என்று நினைத்து மாமியார் இளநீர் வெட்டித் தருவார். அதையும் குடித்துத் தொலைப்பேன்.

வருஷத்துக்கொரு தடவை கண்ணைக் காட்டச் சொல்லியிருந்தார் சர்க்கரை டாக்டர். சொட்டு மருந்து விட்டால் சாயங்காலம் வரை கண் கூசும், புருஷன் வீட்டில் கேட்பார்கள் என்று அம்மா தடுத்துவிட்டாள். மூன்று வருஷம் அப்படியே போனது.

ஒரு நாள் டெலிபோன் போர்டு முன்னால் உட்கார்ந்திருந்தபோது இடது கண்ணுக்குள் கரி கரியாக ஏதோ இறங்கியது. மத்தியானத்துக்குள் அந்தக் கண்ணில் எதுவுமே தெரியவில்லை.

அம்மாவோடுதான் கண் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கே டாக்டர் விளக்கினார். சர்க்கரையால் விழித்திரையின் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அடைபட்டு, அங்கங்கே ஆக்சிஜன் போய்ச் சேரவில்லை. தவித்துப்போன விழித்திரை, புதுக் குழாய்களை முளைக்கவைக்கும் எதையோ சுரந்திருக்கிறது. அவையும் முளைத்தன, ஆனால் தாறுமாறாக, வலுவே இல்லாமல். அதில் ஒன்று உடைந்து கசிந்த ரத்தம்தான் நான் பார்த்த கரி. பட்டினி கிடக்கும் ஓரங்களை லேசரால் சுட்டுவிட்டால் கண்ணின் ஆக்சிஜன் தேவை குறையும், புதுக் குழாய்கள் சுருங்கும். ஓரப் பார்வை கொஞ்சம் போகும். இதை உடைவதற்கு முன்பே செய்திருக்கலாம் என்றார்.

என் கண்ணே மூச்சுக்குத் தவித்திருக்கிறது. எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. பஸ் ஸ்டாப்பில் அம்மா மெதுவாகச் சொன்னாள்: "ஊட்ல ஒண்ணும் சொல்லாத. தூசி வுழுந்துச்சுன்னு சொல்லு."

"கண்ணே போவுது. இன்னும் இன்னாத்துக்கும்மா பொய்யி?" என்று கேட்டுவிட்டு, அவளை அங்கேயே விட்டு பஸ் ஏறினேன்.

அன்று சாயங்காலமே கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். துரத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

"அப்ப ஞாயித்துக்கெழமல்லாம் நீ செத்துகினா இருந்தே?" என்றார் அவர்.

என் பிறந்த வீட்டார் மேல் அவருக்கு வந்த கோபம் கடைசிவரை தணியவில்லை. ஆனால் லேசருக்கு ஒவ்வொரு முறையும் லீவு போட்டுவிட்டு என்னோடு வந்தார். வலது கண் தப்பித்தது. இடது கண்ணில் அந்தப் புதுக் குழாய்கள் தழும்பாகி விழித்திரையைப் பிய்த்து இழுத்துவிட்டன. அந்தக் கண் போய்விட்டது.

"நல்ல எடத்துலதானே குட்த்தேன்" என்பாள் அம்மா, பார்க்க வரும்போதெல்லாம். வந்தால் என் இடது பக்கம்தான் உட்காருவாள். தெரிந்து செய்கிறாளா, தெரியாது. நானும் தலையைத் திருப்புவதில்லை.