ஒன்று புள்ளி எட்டு

டோர்கஸ் அமோண்டிக்கு எங்கள் ஆய்வகத்தில் 'மறுபடி பார்' என்று பட்டப்பெயர். ஏரிக்கரை ஊரான கிசுமுவில் எவருடைய ரத்தம் வந்தாலும் இரண்டு முறை பார்க்காமல் முடிவு எழுத மாட்டாள். பதிவேட்டு மேசையில் உட்கார்ந்து பதினாறு வருடமாக அவளோடு மல்லுக்கட்டியவள் நான். அவள் பிறவியிலேயே அப்படி இல்லை. ஓர் எண் அவளை அப்படி ஆக்கியது.

ஹெர்பீஸ் கிருமியில் இரண்டு வகை. முதல் வகை உதட்டோரம் கொப்புளம் போடும். சின்ன வயதிலேயே ஒட்டிக்கொள்ளும், எங்கள் பக்கம் அது இல்லாத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இரண்டாவது பெரும்பாலும் படுக்கையில் வருவது. இரண்டுக்கும் அக்கா தங்கை போல முகச்சாடை. குழிகள் உள்ள தட்டில் ரத்தத்தெளிவை ஊற்றி, குழி எவ்வளவு மஞ்சளாகிறது என்று பார்த்தால் கருவி ஓர் எண் தரும். ஒன்று புள்ளி ஒன்றைத் தாண்டினால் இரண்டாம் வகை உண்டு என்று சோதனைப் பெட்டியோடு வரும் தாள் சொல்லும். அந்தத் தாள் யார் ரத்தத்தைப் பார்த்து எழுதியதோ! எங்கள் ஜனங்களிடம் மூன்றரைக்குக் கீழே வந்தால் நம்பக் கூடாது, இரண்டு வகையையும் தனித்தனிக் கோடாகக் காட்டும் பட்டைச் சோதனையில் மறுபடி பார்க்க வேண்டும். அது எங்கள் ஆய்வக விதி.

மில்லிசென்ட் அகேயோவுக்கு வந்தது ஒன்று புள்ளி எட்டு.

அகேயோ பள்ளி ஆசிரியை. நிக்கோலஸ் ஓகுவேனோவுக்கு அவளைப் பேசி முடித்திருந்தார்கள். அவர்கள் சபையில் இருவருடைய சோதனைத் தாளையும் பார்த்த பிறகே பாஸ்டர் கல்யாண அறிவிப்பை வாசிப்பார். மறுசோதனைக்கான பட்டைகளோ கையிருப்பில் இல்லை.

"ஞாயித்துக்கிழமைக்குள்ள தாள் வேணும் மேடம். சொந்தக்காரங்களுக்கெல்லாம் சொல்லியாச்சு," என்றான் ஓகுவேனோ.

"இவருக்கு என்னைவிட பாஸ்டர்கிட்டதான் பயம்," என்று அகேயோ சிரித்தாள்.

அவர்கள் போனதும் அமோண்டி என்னிடம் வந்தாள். "பெட்டித் தாள்ல உள்ளபடி எழுதிடறேன்டி. பட்டை வந்ததும் பாத்துக்கலாம்." நானும் சரி என்றேன். அதை மறைக்க மாட்டேன்.

'இரண்டாம் வகை உண்டு.' அகேயோவும் ஓகுவேனோவும் சேர்ந்துதான் தாளைப் பிரித்தார்கள். ஓகுவேனோ படித்தான், தாளை அவள் மடியில் வைத்தான், எழுந்து போனான். கல்யாணம் நின்றது. ஊர் வாயை மூட உலைமூடியா இருக்கிறது? சந்தையில் பேச்சு தாங்காமல் அகேயோ ஏரியின் நடுவே ஒரு தீவுப் பள்ளிக்கு மாற்றல் வாங்கிப் போனாள். பட்டைகள் வந்தன, வேலையும் குவிந்தது, அவளுடைய ரத்தம் இருந்த குழாய் உறைபெட்டியிலேயே கிடந்தது. விடுமுறைக்கு அவள் வந்த படகு கவிழ்ந்தது.

கல்யாணமாகாமல் செத்த மகளை எங்கள் வழக்கத்தில் வீட்டு வேலிக்குள் புதைப்பதில்லை. அகேயோவை வெளியே சோளக்கொல்லை ஓரம் புதைத்தார்கள். கெட்ட சீக்குக்காரி என்று அந்தப் பக்கம் ஆடு மேய்க்கக்கூட யாரும் போகவில்லை.

அநியாயப்பட்டுச் செத்தவர்கள் சும்மா இருக்க மாட்டார்கள் என்று பைபிளும் கையுமாகத் திரிகிறவர்களே நம்பும் ஊர் இது. பட்டப்பகலில், காத்திருப்போர் பெஞ்சில், ஈரப் பாவாடையோடு அகேயோ உட்கார்ந்திருப்பதாக அமோண்டி சொன்னாள். நான் பார்த்ததில்லை. ஆனால் அந்தப் பெஞ்சைக் கடக்கும்போது எனக்கும் கால் தயங்கும்.

"என்னடி கேக்குறா?"

"ஒண்ணும் கேக்கல. தாளுக்குக் காத்திருக்கா."

அன்றைக்கே குழாயை எடுத்து உருகவைத்தாள். பட்டையில் முதல் வகைக்கான கோடுகள் பளிச்சென்று விழுந்தன. இரண்டாம் வகைக்கான இடம் வெறுமையாக இருந்தது. அவள் அழுதாள். நான் பதிவேட்டில் அகேயோவின் பெயர் இருந்த பக்கத்தைத் தேடினேன். அந்தப் பெண்ணின் பெயரையாவது கழுவிக் கொடுத்துவிட வேண்டும் என்று புதுத் தாளோடு கிளம்பினாள். நானும் போனேன்.

அகேயோவின் அம்மா அபுயா முற்றத்தில் பொடிமீனைக் காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அமோண்டி மண்ணில் மண்டியிட்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

"அப்ப எம்பொண்ணு சுத்தமானவ," என்றாள் அபுயா.

"சுத்தமானவம்மா. எல்லார்கிட்டயும் நானே சொல்றேன், சபையிலயும் சொல்றேன்."

"பின்ன அந்தத் தாள்ல எதைப் பாத்து எழுதின?"

"முதல் வகைய. அது ரெண்டாவது வகை சாடையிலதான் இருக்கும், நான்தான் ஏமாந்துட்டேன். அது குத்தமே இல்லம்மா. உதட்டுல புண்ணு இருக்கிறவங்க பச்சப்புள்ளைக்கு முத்தம் குடுத்தாக்கூட ஒட்டிக்கும்."

எனக்குப் பக்கென்றது. அமோண்டி ஆறுதலாகத்தான் சொன்னாள்.

அபுயாவின் விரல் தன் உதட்டோரத்துக்குப் போனது. "எனக்கு மழைக்காலத்துல வருமே," என்றாள். "ஒத்தப்புள்ள. கீழ எறக்காம கொஞ்சினேன்."

"ஐயோ, நீங்க இல்லம்மா. தப்பா எழுதினவ நான். என்னைத் திட்டுங்க. ரெண்டு அடிகூட அடிங்க."

"நீ எழுதினே, மகளே. எழுதறதுக்கு அதை அவ உடம்புக்குள்ள வச்சவ நான்."

திட்டவில்லை, அடிக்கவில்லை. சாப்பிடாமல் போகக் கூடாது என்று சோளக்களி கிண்டப் போனாள். அப்போது பக்கத்து வீட்டுக்காரி இடுப்பில் பேரக்குழந்தையோடு வந்தாள். குழந்தை அபுயாவைக் கண்டதும் தாவியது. அபுயா தலைத்துணியின் முனையை இழுத்து வாயை இறுக மூடிக்கொண்டு, கிட்டே கொண்டுவராதே என்று கையை ஆட்டினாள்.