நோன்பை விட மறுத்தவரும் ஓ.ஆர்.எஸ். வாங்க வந்தவரும்

அல்லாஹ்வின் அன்பு நம் எல்லோர் வீட்டிலும் நிறையட்டும், சகோதரிகளே. போன ரமலானில் என் கணவர் என் கண் முன்னால் துவண்டு கிடந்தார். 

எங்களுக்குப் புதுநகரத்தில் மளிகைக் கடை. முன்னால் கடை, பின்னால் வீடு. உடம்புக்கு முடியாமல் போனதற்கு முந்தின நாள் பள்ளிவாசலில் நோன்பு திறக்க இவர்தான் நன்னாரி சர்பத் கலக்கினார். அநேகமாக எல்லோரும் குடித்த பிறகு ஐஸ் தீர்ந்துபோனது. மிஞ்சியதில் போட மீன் கடையிலிருந்து ஒரு கட்டி வாங்கி உடைத்துப் போட்டிருக்கிறார். மீனுக்குப் போடும் ஐஸைக் குடிதண்ணீரில் செய்வார்களா என்று யோசிக்கவில்லை.

விடியலுக்கு முந்திய ஸஹர் சாப்பாட்டுக்கு முன்பே வயிற்றைப் பிசைந்துகொண்டு பேதி. விடிந்தும் நிற்கவில்லை. நாக்கு வறண்டு, கண் குழி விழுந்து, கெண்டைக்கால் இழுத்தது. சிறுநீர் போகவே இல்லை. கடையில் பேதிக்குக் கரைத்துக் குடிக்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட் சரம் சரமாகத் தொங்குகிறது. இவரோ ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை.

"ஏனுங்க, ஒரு டம்ளராச்சும் குடிங்க."

"சின்ன வயசுல இருந்து ஒரு நோம்பு வுட்டதில்ல புள்ள. உசுரே போனாலும் வுட மாட்டேன்."

தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்கிற மனிதர். எனக்குக் கோபமும் அழுகையும் சேர்ந்து வந்தன. நண்பகல் லுஹர் தொழுகையை முடித்துவிட்டுக் கையேந்தினேன். 'யா அல்லாஹ், நான் சொன்னால் கேட்க மாட்டார். இவர் கேட்கிற ஆளை அனுப்பு.'

தொழுகை விரிப்பை மடிப்பதற்குள் கடை வாசலில் ஒரு குரல். எங்கள் பள்ளிவாசல் இமாம், ஹஜ்ரத். இவரைவிட இளையவர். ஒரு கையால் வயிற்றைப் பிடித்திருந்தார்.

"ரெண்டு ஓ.ஆர்.எஸ். குடுங்கம்மா. நேத்து பாய் ஊத்துன சர்பத்துல கடைசி டம்ளர் எனக்குத்தான்."

விஷயத்தைச் சொன்னேன். நேராக உள்ளே போய்க் கட்டிலருகில் உட்கார்ந்தார். நான் கரைத்துக் கொடுத்ததை இவர் பார்க்கவே குடித்தார்.

"நான் காலையிலயே நோம்ப வுட்டுட்டேனுங்க பாய். நோயாளிக்கு அல்லாவே சலுகை குடுத்திருக்கான். அத வேண்டாங்கறதுக்கு நீங்க யாருங்க?"

இவர் மெல்ல எழுந்து உட்கார்ந்தார். டம்ளருக்குக் கையை நீட்டினார். அல்ஹம்துலில்லாஹ், என் உயிர் திரும்பி வந்தது.

உடனே கூட்டிக்கொண்டு போனோம்; அரசு ஆஸ்பத்திரியில் ட்ரிப் ஏற்றினார்கள். இன்னும் தாமதித்திருந்தால் சிறுநீரகம் கெட்டிருக்கும் என்றார் டாக்டர். தாமாக மாத்திரை வாங்கிப் போடாமல், கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து, கஞ்சி சாப்பிடச் சொன்னார். சில நாளில் தேறிவிட்டார்.

விட்ட நோன்பைப் பெருநாளுக்குப் பிறகு இருவரும் பிடித்தார்கள். ஒரு மாலை ஹஜ்ரத் எங்கள் வீட்டில்தான் நோன்பு திறந்தார். கொதித்து ஆறிய தண்ணீரில் இவர் சர்பத் கலந்தார்.

"ஐஸ் போடட்டுங்களா ஹஜ்ரத்?"

அவர் சிரித்தபடி டம்ளரைக் கையால் மூடிக்கொண்டார்.

சகோதரிகளே, துன்பம் வந்தால் நீங்களும் கையேந்துங்கள். அவன் உதவி எந்தக் கோலத்தில் வந்தாலும் உள்ளே விடுங்கள். எங்கள் வீட்டுக்கு அது வயிற்றைப் பிடித்துக்கொண்டு வந்தது.