பூட்டிய அலுமாரியும் தங்கராசா அண்ணனும்

தேற்றாத்தீவில் ஒரு கல்யாண வீட்டில் சாப்பிட அமர்ந்திருந்தபோது பழைய மாணவன் ஒருவனிடமிருந்து அழைப்பு வந்தது. "சேர், வாவிக்கரைப் பூங்காவில படகு கவிழ்ந்திட்டு. ஏறின ஆக்களெல்லாம் தப்பிட்டாங்க. ஓட்டின தங்கராசா அண்ணன்தான் இல்ல." சாப்பாட்டை விட்டு எழுந்தேன். அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது.

அவர் படகில் ஏறிய உங்கள் எல்லோருக்கும் அவருடைய முதல் பேச்சு நினைவிருக்கும்: "ஜக்கெட்டப் போடுங்க, பிறகு கதைப்பம்."

ஒருமுறை மாணவர்களோடு போயிருந்தேன். உயிர்காப்பு அங்கிகள் இருந்த அலுமாரி பூட்டிக் கிடந்தது. மேலதிகாரிகள் பார்வையிட வரும்போது பளிச்சென்று இருக்கவேண்டுமாம்; அதனால் புதியவற்றை மடித்துப் பூட்டிவைப்பது அங்கே வழக்கம். அலுமாரியின் திறப்பு, அந்தச் சாவி, பூங்காப் பொறுப்பாளரிடம். அவரோ கூட்டத்தில். பிள்ளைகளின் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒரு சுற்றுத்தானே அண்ணன், கரையோரமா விடுங்களன்" என்றேன்.

"நீங்க கணக்குப் படிப்பிக்கிற ஆள். நாப்பது பிள்ளையளக் கூட்டிவந்து முப்பத்தொன்பதக் கொண்டுபோனா அது சரியான விடையா சேர்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். அன்று எவரும் படகேறவில்லை, பந்தடித்துவிட்டுத் திரும்பினோம். இரண்டு நாள் அவரோடு கோபமாக இருந்தேன். இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கடைசி நாளிலும் அலுமாரி பூட்டித்தான் கிடந்தது. "பழைய பல்லவியப் பாடாமப் படக எடுங்க. இல்லாட்டி நாளைக்கு வேற ஆளப் போடுவன்" என்று பொறுப்பாளர் நின்றிருக்கிறார். அண்ணனிடம் பழைய அங்கிகள் நான்கு இருந்தன. ஏறிய குடும்பத்தில் நான்கு பேர். தனக்கென ஒன்றை அவர் எடுத்துக்கொள்ளவில்லை. திடீர்க் காற்றில் படகு கவிழ்ந்ததும் ஒவ்வொருவராகப் படகின் விளிம்பைப் பிடிக்கவைத்தவர், களைத்து அமிழ்ந்துபோனார். இதைச் செத்த வீட்டில் அந்தக் குடும்பத்துத் தாயே சொல்லி அழுதாள்.

பொறுப்பாளர் மலர்வளையத்தோடு வந்து "கடமை வீரன்" என்று பேசத் தொடங்கினார். அண்ணனின் மனைவி பூமணி எழுந்தார்.

"வளையத்த எடுத்திட்டுப் போங்க ஐயா. திறப்பக் கொண்டாங்க."

பொறுப்பாளர் கொண்டுவரவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பூங்காவுக்குப் போனேன். அலுமாரிக் கண்ணாடிக்குள் செம்மஞ்சள் அங்கிகள் மடிப்புக் கலையாமல் இருந்தன. அங்கியில்லாமல் பிள்ளைகளை ஏற்றிய படகொன்று புறப்பட இருந்தது. அதன் கயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"பென்சன் எடுத்த ஆள் வீட்டில கிடவுங்களன் சேர்" என்றான் புதிய படகோட்டி.

"ஜக்கெட்டப் போடுங்க, பிறகு கதைப்பம்" என்றேன்.

அரை மணி நேரம் கயிற்றை விடவில்லை. திறப்பு வந்தது. அவ்வளவு பக்கத்தில்தான் இருந்திருக்கிறது!

தங்கராசா அண்ணனிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அவருடைய 'மாட்டேன்' ஒன்றைத்தான். வரும் ஞாயிறும் அந்தப் படித்துறையில் இருப்பேன். அவர் படகில் ஏறி உயிரோடு கரை சேர்ந்தவர்களே, கயிறு நீளமானது. வந்து பிடியுங்கள்.