மேசைமேல் கட்டிய லயம்

நேற்று அடுப்பெரிக்கப் பழைய தேயிலைப் பெட்டி ஒன்றை உடைத்தேன். உள்ளே ஒட்டியிருந்த ஈயத்தாள் கையோடு கிழிந்து வந்தது. அதன் மணம் உங்களுக்குத் தெரியுமோ என்னவோ; காய்ந்த தேயிலையும் துருவும் கலந்த மணம். மூக்கில் ஏறியதும் அடுப்பை மறந்து அந்தத் தாளை விரலால் நீவிக்கொண்டிருந்தேன்.

பதுளைக்கு ரயில் பாதை போட்டுக்கொண்டிருந்த காலம். ஹாலிஎலைக்குப் பக்கத்துத் தோட்டமொன்றில் நான் பெக்டரி கிளாக்கராக இருந்தேன். சாவி கொடுத்தால் ஓடும் பொம்மை ரயில் ஒன்று எங்கள் துரைக்குச் சீமையிலிருந்து வந்திருந்தது. பெரிய மேசையில் தண்டவாளம் பூட்டி, சாக்குத் துணியில் மலையும் செய்துவிட்டார். பாதைக்குக் கீழே ஒரு லயம், தோட்டத் தொழிலாளர் குடியிருக்கும் நீள வரிசை வீடு, வேண்டும் என்றார். கையெழுத்து அழகாயிருந்தால் கைவேலையும் வரும் என்று என்னைப் பிடித்தார் போலிருக்கிறது.

பெட்டிப் பலகையை இழைத்துச் சுவர் செய்தேன். தீக்குச்சிகள் தூண்களாயின. தகரக் கூரையின் நெளிவுதான் வருவேனா என்றது. கடைசியில் ஈயத்தாளை என் மனைவியின் மரச்சீப்பில் வைத்து அழுத்தினேன், அசல் தகரமேதான்! "அப்ப நான் தலைய எதால சீவுறது?" என்று அவள் கேட்டாள். மீசையில் வச்சிரப் பசையோடு நான் அடுத்த தாளை எடுத்தேன்.

அளவெடுக்க நிஜ லயத்துக்கே போனேன். கீழ் லயம் என்பார்கள். அதற்கு நேர் மேலேதான் பாதைக்காக மலையை வெட்டிக்கொண்டிருந்தார்கள். வெடி வைக்கும்போதெல்லாம் கூரை கடகடக்கும். அதன் கடைசிக் காம்பராவில், ஒற்றை அறையில், வேலாயி குடும்பத்தோடு குடியிருந்தாள். கொழுந்து பறிப்பவள், வாய்த்துடுக்குக்காரி.

"எங்க லயத்த பொம்மையா பண்றீங்களாமே? அதையாவது ஒழுகாம பண்ணுங்க ஐயா."

சிரித்துக்கொண்டே பின்பக்கம் அழைத்துப்போய்ச் சுவரைக் காட்டினாள். மேலிருந்து கீழ்வரை வெடிப்பு. அவள் விரல் உள்ளே போனது. கதவின் அளவு பார்க்க நான் மறுபடி போனபோது கையே போனது. சுவரடியில் கலங்கல் தண்ணீர் ஊறிக்கொண்டிருந்தது. இந்த முறை அவள் சிரிக்கவில்லை.

பொம்மைச் சுவரிலும் அந்த வெடிப்பைப் பென்சிலால் போட்டுத் துரையிடம் கொண்டுபோனேன்.

"இது என்னா கோடு?"

"அங்க சுவர் வெடிச்சிருக்குங்க தொரை. மலை எறங்குது போல. ஆளுங்கள வேற எடத்துக்கு மாத்தணுங்க."

"மலை வெட்டுற காண்ட்ராக்டர் பார்த்தாச்சி. பயமில்ல." கட்டைவிரலால் கோட்டைத் தேய்த்துவிட்டார்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்துக்கொண்டது. ஒரு சாயந்தரம், கொழுந்தைத் தராசில் நிறுத்துக் கொடுத்தபின் வேலாயி லயத்துக்கு இறங்கவில்லை. பிள்ளைகளோடு பெக்டரி வாசலில் உட்கார்ந்துவிட்டாள். கீழ் லயத்து மற்றப் பெண்களும் புருஷன்மாரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள்.

"எந்திரிச்சுப் போங்கடி! நாளைக்கு ஒருத்திக்கும் பேரு கெடையாது, சம்பளமும் கெடையாது!" என்று கத்தினார் பெரிய கங்காணி.

"ஆளு இருந்தாத்தானுங்களே பேரு" என்றாள் வேலாயி.

கொழுந்து வாட்டும் மாடியின் சாவி என்னிடம் இருந்தது. திறந்துவிட்டேன். கங்காணி என்னைப் பார்த்த பார்வையில், என் வேலை போயிற்று என்றே நினைத்தேன்.

விடிந்ததும் மழை விட்டு வானம் வெறித்தது. "ஆடு ரெண்டும் கட்டிக் கெடக்கு. அவுத்துவிட்டு வந்துர்றேன்" என்று வேலாயியின் புருஷன் முத்தையா இறங்கினான். "போகாதய்யா! போகாத!" என்று அவள் மாடி ஜன்னலிலிருந்து கத்தினாள். அவன் கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான். முதலில் சத்தமே இல்லை. மேல் சரிவுத் தேயிலைச் செடிகள் நின்ற வாக்கிலேயே நகர்ந்தன. பிறகுதான் இரைச்சல் வந்தது. அது அடங்கியபோது கீழே லயம் இல்லை. சிவப்புச் சேறு மட்டும் இன்னும் ஓடிக்கொண்டிருந்தது.

முத்தையாவைத் தோண்டிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. மாடியைத் திறந்ததைப் பற்றி அதன்பின் யாரும் வாயெடுக்கவில்லை. வேலாயி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு, மொனராகலைப் பக்கம் ரப்பர் தோட்டத்திலிருந்த அண்ணனிடம் போனாள். பிறகு அவளை நான் பார்க்கவில்லை. துரை ஊர் திரும்பியபோது பொம்மை லயத்தையும் வைக்கோலில் பொதிந்து கப்பலேற்றிவிட்டார்.

மண் சரிந்த இடத்தில் தேயிலை வைத்தார்கள். போன மாசம் அந்தப் பக்கம் போனபோது, கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம் கீழ் லயம் எங்கே இருந்தது என்று கேட்டேன்.

"இங்க ஏதுங்க லயம்?" என்றாள். "ஆனா ஒண்ணுங்க, இந்த மலையில மட்டும் கொழுந்து நல்லா வருது. மண்ணு அப்பிடி."