டிரைவர் டோக்கன்

எங்கள் அலுவலகத்தில் சம்பளம், லீவு, பதவி உயர்வு என்று ஆள் சம்பந்தப்பட்ட எல்லா வேலையும் என் தலையில்தான். ரத்னா மேடத்துக்குப் பொறுமை கிடையாது என்று என்னைப் பற்றி ஒரு பேச்சு உண்டு. ஒரு காகிதத்தில் ஒரு கட்டத்தில் டிக் அடிக்க ஒருத்தி வாரக்கணக்கில் இழுத்தால் யாருக்குத்தான் பொறுமை இருக்கும்?

இழுத்தவள் அன்புச்செல்வி. அடையாறில் இருக்கிற எங்கள் கம்பெனி, ஆஸ்பத்திரி, பேங்க், பள்ளிக்கூடம் என்று ஊரெல்லாம் துப்புரவுக்கு ஆள் அனுப்புகிறது. அவள் மாப் பிடிக்கிற வேலையில் சேர்ந்து, சூப்பர்வைசராகி, இந்த வருடம் ஏரியா மேனேஜர் ஆகிவிட்டாள். அந்தப் பதவிக்கு ஒரு சலுகை இருக்கிறது. கம்பெனி கார் எடுத்துக்கொள்ளலாம். கார் வேண்டாம் என்றால் மாதாமாதம் சம்பளத்தோடு பதினைந்தாயிரம் கூடுதலாக வரும்.

"இதுல யோசிக்க என்ன இருக்கு? பணத்தை வாங்கு" என்றேன் நான். அவர்கள் குடும்பம் ஒரு காலத்தில் அடையாற்றங்கரையில் இருந்தது. வீடுகளை எடுத்துவிட்டு எல்லோரையும் ஊர்க்கோடியில் இருக்கிற பெரும்பாக்கம் அடுக்குமாடிக் குடியிருப்புக்கு அனுப்பினார்கள். இப்போது எட்டாவது மாடி. லிஃப்ட் நினைத்தால் ஓடும். மகள் நிஷா படிப்பது சாந்தோமில். இருட்டு பிரியும் முன்பே அந்தப் பெண் பஸ் ஸ்டாப்பில் நிற்க வேண்டும். பதினைந்தாயிரம் வந்தால் பள்ளிக்குப் பக்கத்திலேயே மந்தைவெளியில் ஒரு சின்ன வீடு பார்த்துக்கொண்டு வந்துவிடலாம். காரை வாங்கி எங்கே நிறுத்துவது, எட்டாவது மாடியிலா?

"இல்லக்கா, அவருக்குக் கார்தான் ஆசை" என்றாள் அன்பு. அதற்கு மேல் அவளிடம் பேச முடியவில்லை.

அவர் என்பது அவள் கணவர் துரைராஜ். ஆக்டிங் டிரைவர். சொந்தமாக டிரைவர் வைத்துக்கொள்ளாதவர்களும், வைத்திருந்து அவன் லீவில் போய்விட்டவர்களும் போன் போட்டுக் கூப்பிடுகிற ஆள். பாண்டி பஜாரில் புடவை எடுக்க வருகிறவர்கள், மயிலாப்பூரில் கல்யாணத்துக்குப் போகிறவர்கள், திருப்பதிக்குப் போய்விட்டு அன்றே திரும்ப வேண்டும் என்கிறவர்கள், எல்லோருக்கும் ஓட்டியிருக்கிறார். இந்த ஊரில் எந்த மண்டபத்தின் எந்தச் சுவர் ஓரம் நிழல் விழும் என்று கேட்டால் உடனே சொல்வார். மேடை எந்தப் பக்கம் என்று கேட்டால் தெரியாது.

கார் வந்தால் அடுத்தவர் வண்டிக்குப் போவதை விட்டுவிட்டு, அன்புவை சைட் சைட்டாகத் தானே அழைத்துப் போவதாகத் திட்டம். "எம் பொண்டாட்டி கார்ல வந்து எறங்கப் போறா" என்று அவர் பெரும்பாக்கம் பிளாக் முழுக்கச் சொல்லிவிட்டாராம். இத்தனை ஆசையோடு இருக்கிற மனிதரிடம் வீட்டு வாடகையைப் பற்றி எப்படிப் பேசுவது என்று அவள் தவித்தாள். நிஷா பஸ்ஸில் தூங்கிப்போய் ஸ்டாப்பைத் தவற விட்டதை என்னிடம் சொன்னபோது அழுதேவிட்டாள். ஆனாலும் பணம் என்கிற கட்டத்தில் டிக் அடிக்க மனம் வரவில்லை.

திங்கட்கிழமைக்குள் பதில் வந்தாக வேண்டும் என்று நான் கறாராகச் சொன்னேன். கார் கொடுக்கிறவர்கள், ஓட்டிப் பாருங்கள் என்று வெள்ளிக்கிழமையே ஒரு வெள்ளைக் காரை அனுப்பி வைத்தார்கள். அந்த ஞாயிற்றுக்கிழமைதான் எங்கள் ஆபரேஷன்ஸ் மேனேஜர் ஷஃபியுல்லா சாரின் மகள் மஹ்விஷுக்குத் தி.நகரில் கல்யாண விருந்து. சார் பத்திரிகையில் தன் கையாலேயே "திரு. துரைராஜ், திருமதி அன்புச்செல்வி" என்று எழுதிக் கொடுத்து, "வீட்டுக்காரரைக் கண்டிப்பாக் கூட்டிட்டு வரணும்மா" என்று சொல்லியிருந்தார். தன் பெயர் போட்டு வந்த பத்திரிகையை துரைராஜ் டிவிக்குப் பக்கத்தில் சாய்த்து வைத்திருந்தாராம். ரங்கநாதன் தெருவில் ஒரு சந்தன நிறச் சட்டையும் எடுத்துக்கொண்டார்.

நங்கநல்லூருக்கு வந்து என்னையும் ஏற்றிக்கொண்டார்கள். நல்ல ஓட்டம், குறை சொல்ல முடியாது. அன்பு, நிஷா, நான் மூவரும் பின்னால். முன் சீட்டில் பரிசுப் பெட்டி. மண்டபத்து வாசலில் வண்டி நின்றதும் துரைராஜ் இறங்கி வந்து கதவைத் திறந்தார்.

"நீ இன்னாத்துக்குய்யா எறங்குற?" என்று அன்பு கூச்சப்பட்டாள்.

"நீங்க போங்க. வண்டியப் போட்டுட்டு வரேன்."

அன்பு பட்டுப்புடவையைச் சரிசெய்துகொண்டு இறங்கினாள். உண்மையைச் சொல்ல வேண்டும், அந்த நிமிடம் அவள் முகத்தில் ஒரு பெருமை இருந்தது. எனக்கே, சரி, காரையே எடுத்துத் தொலையட்டும் என்று தோன்றியது.

ஆண்களுக்குத் தனிக்கூடம், பெண்களுக்கு மாடியில் தனிக்கூடம். மஹ்விஷுக்குப் பரிசு கொடுத்து, போட்டோ எடுத்து, பிரியாணிக்கு உட்கார்ந்தோம். பிரெட் அல்வா வருகிற நேரத்தில் ஷஃபியுல்லா சாரின் மனைவி சகினா எங்கள் பக்கம் வந்தார்.

"அன்பு, உங்க வீட்டுக்காரர் எங்கம்மா? எங்க வீட்டுக்காரர் தன் பக்கத்துல எடம் போட்டு வச்சிட்டு உக்காந்திருக்காரு. ரெண்டு பந்தி எழுந்தாச்சு, இன்னும் அவரைக் காணோமாம்."

அன்பு போன் செய்தாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வண்டியில் ஏதாவது இடித்துவிட்டதோ, யாரோடாவது தகராறோ என்று அவள் தட்டை விட்டு எழுந்துவிட்டாள். நிஷாவை சகினாவிடம் விட்டுவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு நாங்கள் இருவரும் கீழே ஓடினோம்.

மண்டபத்துக்குப் பின்பக்கம், ஜெனரேட்டரைத் தாண்டி, தகரக் கொட்டகை. அங்கே நீள மேசை போட்டு டிரைவர்களுக்குச் சாப்பாடு. நடுவில் சந்தன நிறச் சட்டையில் துரைராஜ். இடது கையில் கார் சாவி. தட்டுக்குப் பக்கத்தில், காற்றில் பறக்காமல் இருக்கத் தம்ளருக்கு அடியில் செருகிய ஒரு மஞ்சள் டோக்கன்.

"இன்னாய்யா பண்ணிக்கினு கீற இங்க?" என்றாள் அன்பு.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பிடிபட்ட முகம்.

"வண்டியப் போட்டுட்டு சாவியக் கையில வச்சிக்கினு நின்னேனா, ஒருத்தன் டோக்கன் குட்த்தான். வாங்கிக்கினேன். எல்லாரும் வரிசைல நின்னாங்க, நானும் நின்னேன். ரெண்டு வாய் துன்னப்புறம்தாம்மே ஞாபகம் வந்திச்சி, நம்மள கார்டு குட்த்துக் கூப்ட்டாங்கன்னு."

"அப்பவே எழ்ந்து வர்றதுக்கு இன்னா?"

"பாதில எழ்ந்து, நான் விருந்தாளி, உள்ள போறேன்னு சொன்னா இவங்கல்லாம் இன்னா நெனைப்பாங்க?"

பக்கத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த முருகையன் என்கிற டிரைவர், "அண்ணே, நீங்க கெஸ்ட்டா? சொல்லவே இல்லியே!" என்றார். மேசையே சிரித்தது. துரைராஜும் சிரித்தார். அன்பு சிரிக்கவில்லை. அவள் அந்த மஞ்சள் டோக்கனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"கார் வந்தா இப்டித்தான? நான் உள்ள, நீ வெளிய. எங்க போனாலும் நீ டோக்கன் வாங்கிக்கினு நிப்ப. அதுக்கா எனக்குக் காரு?"

துரைராஜின் சிரிப்பு நின்றது. தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து வந்தார்.

"எத்தினி வருசமா அடுத்தவன் கல்யாணத்துல வெளிய நின்னு துன்னுருக்கேன். ஒரு நாளும் ஒண்ணும் தோணல. இது எம் பேரு போட்டு வந்த கல்யாணம். இதுலயும் வெளியவே நின்னுட்டேன் பாரு" என்றார். "எனக்குக் காரு இன்னாத்துக்கும்மே? உனக்கு ஆசைன்னுதான..."

"எனக்கா? நீதான பிளாக்கு பூரா சொல்லிக்கினு திரிஞ்ச?"

"நீ மாப்பும் கையுமா பஸ்ல தொங்கிக்கினு போனதப் பாத்தவங்கோ முன்னாடி கார்ல வந்து எறங்கணும்னு எனக்கு இருந்திச்சி. ஆனா நெஜமாச் சொல்றேன், ஞாயித்துக்கெழமகூட அதே ஸ்டீரிங்கான்னு நெனச்சாலே அலுத்துப்போவுது. உங்கிட்ட எப்டிச் சொல்றதுன்னு தெரில."

"ஐயோ, நானும் அதத்தான்யா முழுங்கிக்கினு இருந்தேன்! எனக்கு மந்தவெளில ஒரு வூடு போதும். புள்ள கொஞ்சம் தூங்கி எழ்ந்து பள்ளிக்கூடம் போவும்."

எனக்கு வந்ததே கோபம். "வாரக்கணக்குல ரெண்டு பேரும் சேந்து என் உயிரை வாங்கினீங்களே! வீட்ல வாயைத் தொறந்து பேசிக்கவே மாட்டீங்களா?" என்று கத்தினேன். அவர்கள் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார்கள். அன்பு கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள். இத்தனை நாளாக அவள் தோளில் இருந்த ஒரு மூட்டை இறங்கியது எனக்கே தெரிந்தது. எனக்கும் அப்பாடா என்று இருந்தது. நான் சொன்னபடிதான் முடிந்தது, ஆனால் நான் சொன்ன காரணம் எதுவும் அதற்குக் காரணமில்லை.

அதற்குள் ஷஃபியுல்லா சாரே தேடிக்கொண்டு பின்பக்கம் வந்துவிட்டார். கொட்டகையையும் துரைராஜையும் பார்த்ததும் விஷயம் புரிந்துவிட்டது. நேராக வந்து அவர் கையைப் பிடித்தார்.

"சார், பாதி வயிறு ரொம்பிடிச்சி சார்."

"மீதிப் பாதி என்னோடது. வாங்க."

துரைராஜ் தயங்கினார். கையிலிருந்த சாவியைப் பார்த்தார். "குடுங்கண்ணே, நான் பாத்துக்கறேன்" என்று முருகையன் கை நீட்டினார். ஒரு காரின் சாவியை இன்னொரு டிரைவரிடம் கொடுத்துவிட்டுத் துரைராஜ் மண்டபத்துக்குள் போனது அன்றுதான் முதல் தடவையாக இருக்கும். ஆண்கள் கூடத்தில் ஷஃபியுல்லா சாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இன்னொரு பிரியாணி சாப்பிட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

திங்கட்கிழமை நான் கைப்பையை மேசையில் வைப்பதற்குள் அன்பு வந்து பணம் என்ற கட்டத்தில் டிக் அடித்துவிட்டுப் போனாள். வெள்ளைக் காரைத் துரைராஜே கழுவித் துடைத்துத் திருப்பி விட்டுவிட்டு வந்தார். பள்ளி திறப்பதற்குள் மந்தைவெளியில் வீடு கிடைத்தது. சின்ன வீடு, சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூன்றாம் ஆள் வெளியே நிற்க வேண்டும். நிஷா இப்போது வெயில் முகத்தில் அடித்த பிறகுதான் எழுந்திருக்கிறாளாம். துரைராஜ் இன்னும் அடுத்தவர் வண்டிதான் ஓட்டுகிறார், ஞாயிற்றுக்கிழமை மட்டும் கூப்பிட்டால் வருவதில்லை.

தை மாதம் மயிலாப்பூரில் என் மகன் சேரனுக்குக் கல்யாணம். அன்பு குடும்பம் ஆட்டோவில் வந்து இறங்கியது. அதே சந்தன நிறச் சட்டை. துரைராஜ் முன் வரிசையில் உட்கார்ந்து தாலி கட்டுவதை முழுசாகப் பார்த்தார். முதல் பந்தியில் மூன்று பேரும் அடுத்தடுத்து உட்கார்ந்தார்கள்.

சாப்பாடு பாதியில் மைக் கத்தியது: "வாசலை மறைச்சுக்கிட்டு நிக்கிற வெள்ளைக் கார் யாருது? டிரைவர் உடனே வந்து வண்டியை எடுங்க!"

துரைராஜ் விருட்டென்று பாதி எழுந்துவிட்டார். நான் பந்தி விசாரித்துக்கொண்டு பக்கத்தில்தான் நின்றேன். அன்பு அவரையே பார்த்தாள். அவர் தன் இலையைப் பார்த்தார், அன்புவைப் பார்த்தார், நன்றாக அழுந்தி உட்கார்ந்தார்.

"ரத்னாம்மா," என்றார் என்னிடம், "அந்தப் பாயசத்த இன்னொரு கரண்டி போடச் சொல்லுங்க. நமக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."