மார்லிஸின் ஆறு மணி நேர அறை

"என் அறைக்குள்ள வந்து படுத்தவங்க யாரும் வெளிய போகணும்னு கேட்டதில்ல. இனிமேலும் கேட்க மாட்டாங்க" என்று மார்லிஸ் ஹாகன் அறிவித்தது, மாநில அரசின் ஆய்வாளர் முன்னிலையில். ஆய்வாளர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை. அது அவருடைய நஷ்டம்.

அமெரிக்காவின் தெற்கு ஆரெகனில், சிஸ்கியூ மலையடியில் இருக்கும் எங்கள் ஊரில் காளான் இல்லம் திறந்து இரண்டு வருடமாகிறது. மனப்பாரம் தாங்காதவர்கள் வந்து, அரசு அனுமதித்த மயக்கக் காளான் தேநீர் குடித்து, ஆறு மணி நேரம் படுத்திருந்து, தமக்குள் கிடப்பதையெல்லாம் பார்த்துவிட்டுப் போகிற இடம். பக்கத்தில் துணையிருக்க உரிமம் பெற்றவள் ஜூனிபர். ஜெனிஃபர் என்று ஞானஸ்நானம் பெற்று, இங்கே குடிவந்த ஆறாம் மாதம் ஜூனிபர் ஆனவள்; எங்கள் ஊர்த் தண்ணீர் அப்படி. ஆனால் அறை மார்லிஸினுடையது. நெடுஞ்சாலை மோட்டல் ஒன்றில் இருபத்திரண்டு வருடம் படுக்கை விரிப்புகளின் சுருக்கத்தைக் கண்டுபிடித்துக்கொண்டிருந்த கண் அவருடையது.

அறையைத் தயார் செய்வதை அவர் படையெடுப்பாகவே நடத்தினார். முதலில் தவழ்ந்தார். தேநீர் குடித்தவர் எந்த உயரத்திலிருந்தும் உலகத்தைப் பார்க்கக்கூடும் என்பதால், முட்டிபோட்டபடியே மேசை முனைகளைப் பரிசோதித்து, கூரானவற்றுக்கெல்லாம் கம்பளி உறை தைத்துப் போட்டார். பிறகு மல்லாந்து படுத்து இரண்டு மணி நேரம் கூரையை முறைத்தார். ஒரு நீர்க்கறையில் முன்னாள் கணவரின் தாடை தெரிந்ததும் எழுந்துபோய் மூன்று பூச்சு வெள்ளையடித்தார். கடிகாரம் போனது. கண்ணாடி போனது. ஒருவர் அதைப் பார்த்து நாற்பது நிமிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்த பிறகு, சுவரிலிருந்த ஓநாய்ப் படமும் போனது. ஜூனிபர் ஆசையாகக் கொண்டுவந்து வைத்த உப்புக்கல் விளக்கை ஒரு பல் வைத்தியர் நக்கிவிட்டார்.

"அது பூமியோட சக்தி, மார்லிஸ். அவருக்கு அது தேவைப்பட்டிருக்கு."

"உப்பு தேவைப்பட்டா சமையலறையில இருக்கு. விளக்கை எடு."

வாந்திக்கு வாளி. நாலு எட்டில் கழிப்பறை, உள்தாழ்ப்பாள் கிடையாது. போர்வை இரண்டு, கனமாக ஒன்று, மெல்லியதாக ஒன்று. முப்பத்தொன்பது பேர் வந்து படுத்தார்கள், அழுதார்கள், சிரித்தார்கள், எழுந்து கட்டிப்பிடித்துவிட்டுப் போனார்கள். வெளியே போகவா என்று ஒருவரும் கேட்கவில்லை.

நாற்பதாவது ஆள் ஆரின் டாக்கெட். எழுபத்தொரு வயது, நுரையீரலில் கட்டி, அக்டோபர் மூன்றாம் வாரம் அறுவை சிகிச்சை. ஆனால் அந்த அறுவை மேசையை நினைத்தாலே அவருக்கு மூச்சு முட்டியது. பயம் கொஞ்சமாவது தணிந்தால்தான் மேசை, இல்லாவிட்டால் கட்டியோடு போய்ச் சேருகிறேன் என்று மகளிடம் சொல்லியிருந்தார். ஆகஸ்டில் இரண்டு முறை காளான் இல்லத்துக்கு வந்தார். இரண்டு முறையும் கதவருகே உள்ள நாற்காலியில் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்து, "ரொம்ப நல்லா வச்சிருக்கீங்க, மேடம்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, தேநீரைத் தொடாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

மார்லிஸ் அதைத் திரைச்சீலையின் குற்றம் என்று முடிவு செய்தார். திரை மாறியது. மெத்தை மாறியது. சுவரின் நிறம் ஓட்ஸ் கஞ்சியிலிருந்து ஈரக் களிமண்ணுக்கு மாறியது. ஆரின் மூன்றாவது முறை வந்தார், அதே நாற்காலியில் உட்கார்ந்தார், அதே வாக்கியத்தைச் சொன்னார்.

"பொய்யைக் கொஞ்சம் நிறுத்துங்க" என்றார் மார்லிஸ். "ராத்திரி எங்க தூங்குறீங்க?"

ஆரின் தொப்பியைத் திருப்பினார். "பிக்கப் வண்டி பின்னாடி. சாமான் ஏத்துற திறந்த தட்டுல படுத்துக்குவேன்."

"வீடு இருக்குல்ல?"

"இருக்கு. நல்ல வீடுதான். இருபத்தாறு கோடைக்காலம் மலை உச்சியில காட்டுத்தீக் காவல் கோபுரத்துல இருந்தவன் மேடம் நான். நாலு பக்கமும் கண்ணாடி. சுவருக்குள்ள உட்கார்ந்தா, எங்கயோ புகை கிளம்புது, நான் பார்க்காம இருக்கேன்னே தோணுது. ஆஸ்பத்திரியிலயும் அதேதான். இங்கயும் அதேதான். உங்க சுவர் மேல தப்பில்ல."

வெல்ல முடியாத அறையின் அதிபதி எழுந்து கொல்லைக் கதவைத் திறந்தார். கழித்துக்கட்டிய நாற்காலிகள், ஓட்டை வாளிகள், காலியான வெள்ளைப் பூச்சு டப்பாக்கள். அவற்றுக்கு மேலே, ஒரு கோடி முதல் மறுகோடி வரை மலை.

சிக்கல் சட்டத்தில் இருந்தது. தேநீர் குடித்தவர், மயக்கம் தெளியும்வரை, அரசிடம் கொடுத்த வரைபடத்தின் கோட்டைத் தாண்டக் கூடாது. அந்தக் கோடு மார்லிஸே போட்டது, அறைச்சுவரோடு ஒட்டி. கொல்லையைச் சேர்க்கக் கேட்டு ஜூனிபர் இரண்டு வருடம் மன்றாடியபோது, "காத்தும் எறும்பும் எதுக்கு?" என்று கேட்டவரும் அவரே. இப்போது விண்ணப்பம் எழுத உட்கார்ந்தார். ஆள் உயரத்துக்கு மேல் வேலி வேண்டும் என்று பதில் வந்தது. வேலி வந்தால் மலை மறையும். மலை மறைந்தால் அது கூரையில்லாத இன்னோர் அறை.

மார்லிஸ் கொல்லையில் மல்லாந்து படுத்தார், ஒருக்களித்துப் படுத்தார், தவழ்ந்தார். கொல்லை கீழ்நோக்கிச் சரிகிற நிலம் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. வேலியைச் சரிவின் அடியில் நட்டால், மேலே படுத்திருப்பவர் கண்ணுக்கு அதன் உச்சி தாழ்ந்தே இருக்கும். நட்டார். பலகை பிடித்துக்கொடுக்க ஜூனிபர். திட்டுவதற்கு அடுத்த வீட்டு கஸ் பெல்லி.

"காளான் தின்னவன் என் பக்கம் ஏறி வந்தா என்ன பண்றது?"

"ஏறினா நான் இறக்குறேன். சனிக்கிழமை பத்துலேருந்து நாலு வரைக்கும் அந்த இலை ஊதுற மிஷினை நீ எடுத்தே, உன்னையும் இறக்குறேன்."

"இலை கொட்டுதே, மார்லிஸ்."

"கொட்டட்டும். ஞாயித்துக்கிழமையும் இலை அங்கதான் கிடக்கும்."

அனுமதி வந்தது, அறுவை சிகிச்சைக்குப் பன்னிரண்டு நாள் முன்பு. ஆனாலும் அந்தச் சனிக்கிழமை மார்லிஸ் அறையைத்தான் தயார் செய்தார். கொல்லை ஒரு முன்னெச்சரிக்கைதான் என்று ஜூனிபரிடம் இரண்டு முறை சொன்னார். "நீங்க சொன்னா சரி" என்றாள் ஜூனிபர். இந்த இரண்டு வருடத்தில் அவள் சொன்னவற்றிலேயே அதுதான் மிகுந்த ஞானமுள்ள வாக்கியம்.

கொல்லைக்கும் அனுமதி உண்டு என்று கேட்ட ஆரின், இந்த முறை தேநீரைக் குடித்தார். கனமான போர்வையைப் போர்த்திக்கொண்டு ஈரக் களிமண் சுவருக்கு நடுவே படுத்தார். நாற்பது நிமிடத்தில் கை போர்வையைத் தள்ளத் தொடங்கியது. மூச்சு சிறியதாக, வேகமாக வந்தது. ஜூனிபர் மெல்லப் பேசிப் பார்த்தாள். ஆரினின் தலை திரும்பித் திரும்பி ஒவ்வொரு சுவராகத் தேடியது.

"மேடம்" என்றார் ஆரின், நடைவழியில் நின்ற மார்லிஸைப் பார்த்து. "வெளிய போகலாமா?"

"போகலாமே" என்றார் மார்லிஸ். சொல்லி முடிப்பதற்குள் உள்ளே வந்து மெத்தையின் ஒரு முனையைப் பிடித்திருந்தார்.

ஜூனிபர் ஆரினைத் தாங்கிக்கொள்ள, மார்லிஸ் மெத்தையைத் தனியாகவே இழுத்துப் போய்ச் சரிவின் மேல் போட்டார், வாளியைக் கைக்கெட்டும் இடத்தில் வைத்தார், கனமான போர்வையை எடுத்துவிட்டு மெல்லியதைப் போர்த்தினார். ஆரின் மலையை இடமிருந்து வலமாகப் பார்த்தார், ஒவ்வொரு மடிப்பாக, அவசரப்படாமல். பிறகு வலமிருந்து இடமாக.

"புகை இல்ல" என்றார்.

மார்லிஸும் புல்லில் உட்கார்ந்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒருமுறை பார்த்தார்.

"இல்ல" என்றார். "நான் பார்த்துக்கிட்டிருக்கேன். நீங்க கண்ணை மூடுங்க."

ஆரின் மூடிக்கொண்டார்.